காசிமேட்டு உப்புக் காற்றில் ரெண்டு மடக்குக் கத்திகள்: அப்பாவும் நானும் பல வருடம் பயன்படுத்திய அனுபவம்

எங்கள் வீட்டில் தினமும் வேலை பார்க்கும் மடக்குக் கத்திகள் ரெண்டு. அப்பாவுடையது விக்டோரினாக்ஸ் ஸ்பார்டன் என்ற சுவிஸ் கத்தி, கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா கொண்டுவந்து கொடுத்தது. என்னுடையது ஓப்பினெல் எட்டாம் நம்பர், கார்பன் ஸ்டீல் பிளேடு, அதாவது ஸ்டெயின்லெஸ் இல்லை, துருப்பிடிக்கும் ரகம். வீடு காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கம், சைக்கிள் செயின்கூட சீக்கிரம் துருப்பிடிக்கிற இடம், அதனால் பெட்டியைப் பிரித்த கையோடு எழுதுகிற விமர்சனங்கள் எங்களுக்கு அவ்வளவாக உதவாது.

முதலில் ஸ்பார்டன். மடக்கினால் 91 மில்லிமீட்டர், எடை 60 கிராம்கூட வராது, சட்டைப் பையில் இருப்பதே தெரியாது. அப்பா விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். ஒயர் சீவ, கேஸ்கெட் ஷீட் வெட்ட, நைலான் கயிறு அறுக்க எல்லாவற்றுக்கும் அதே கத்திதான், இன்னும் துரு ஏறவில்லை. ஆனால் ஸ்டெயின்லெஸ் என்று அலட்சியமாக விடக் கூடாது. மடங்கும் இடத்தில் உப்பும் மீன் செதிலும் போய் உட்காரும். வெந்நீரில் முக்கி நாலைந்து தடவை திறந்து மூடி, நன்றாகக் காயவைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும். பிளேடுக்கு லாக் கிடையாது, அதனால் நுனியை வைத்துக் குத்தி அழுத்தாதீர்கள், மடங்கி விரலைப் பதம் பார்க்கும்.

ஓப்பினெல் வேறு ஜாதி. பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் 1890இல் ஜோசப் ஓப்பினெல் ஆரம்பித்தது. பிளேடை நிறுத்திப் பிடிக்கும் அந்த சுழல் வளையம் 1955இல்தான் வந்தது. எட்டரை சென்டிமீட்டர் பிளேடு, ரொம்ப மெல்லிசு, தக்காளி மேல் வைத்து இழுத்தாலே இறங்கும். மாங்காயும் எலுமிச்சையும் நறுக்க நறுக்க பிளேடு சாம்பல் நிறமாகக் கறுக்கும், அது துரு இல்லை, பயப்பட வேண்டாம், அந்தக் கறுப்பு சிவப்புத் துருவைக் கொஞ்சம் தள்ளிப்போடவும் செய்யும். ஈரத்தோடு ராத்திரி விட்டுவிட்டால் மட்டும் காலையில் ஆரஞ்சுப் புள்ளி நிற்கும். மழைக்காலத்தில் மரக் கைப்பிடி உப்பி பிளேடு வெளியே வர அடம்பிடிக்கும், கைப்பிடியின் அடிப்பக்கத்தை மேஜை ஓரத்தில் ஒரு தட்டு தட்டினால் பிளேடு எட்டிப் பார்க்கும். சவாய்க்காரர்களும் இப்படித்தான் தட்டுவார்களாம்.

சரி, சாணை பிடிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். தெருவில் வரும் சக்கரத்தில் இந்த மாதிரிக் கத்தியைக் கொடுக்காதீர்கள். காய்ந்த சக்கரத்தில் பொறி பறக்கத் தேய்த்தால் முனை சூடாகி டெம்பர், அதாவது இரும்பின் கடினம், போய்விடும், இரும்பும் வீணாகத் தேயும். நாங்கள் ஆயிரம் கிரிட் (சொரசொரப்பின் அளவு) தண்ணீர்க் கல் ஒன்று, தண்ணீரில் ஊறவைத்துத் தேய்க்கிற சாணைக்கல், வாங்கி வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கிக் கொடுத்துவிட்டு மொட்டை மாடியில் உட்காருவோம். பக்கத்துக்கு 15லிருந்து 20 டிகிரி சாய்வு, அதை மாற்றாமல் இழுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அப்பாவுக்கு டிகிரிக் கணக்கு தெரியாது, காதிலேயே கண்டுபிடிப்பார். கல்லில் சத்தம் மாறினால் "இன்னாடா, கை தூக்குது பாரு" என்பார். அப்புறம் கட்டைவிரலைப் பிளேடின் குறுக்கே மெதுவாக நகர்த்தி, "இந்தப் பக்கம் பிசிறு நிக்குது, திருப்பி நாலு இழு" என்று என் விரலையும் பிடித்து அதே இடத்தில் வைத்துக் காட்டுவார்.

எங்களுக்குள் பேச்சு என்றால் சாப்பிட்டியா, கரண்ட் பில் கட்டியாச்சா, அவ்வளவுதான். கல் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் அவர் வேறு ஆள். நடுக்கடலில் புரொப்பெல்லரில் வலை சுற்றி இன்ஜின் நின்றது, தண்ணீருக்குள் இறங்கி மூச்சுப் பிடித்துப் பிடித்து அந்த வலையை அறுத்தது எல்லாம் நான் கேட்டது அங்கேதான். அதற்காகவே நான் கத்தி மழுங்குவதற்கு முன்னாலேயே கல்லை ஊறப்போட ஆரம்பித்துவிட்டேன்.

வெளியே எடுத்துப் போவதில் ஒரு எச்சரிக்கை: மெட்ரோவில் பையை ஸ்கேன் செய்வார்கள், அன்றைக்கு வீட்டிலேயே வைத்துவிடுங்கள். விமானத்தில் கைப்பையில் கூடவே கூடாது, செக்-இன் லக்கேஜில் போடுங்கள்.

அடுத்து ஒன்று வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். கடற்கரையில் குடியிருந்துகொண்டு கார்பன் எதற்கு, அதே எட்டாம் நம்பரை ஸ்டெயின்லெஸ்ஸில் வாங்கு என்கிறார் அப்பா. கல்லில் கார்பனுக்குக் கூர் ஏறுகிற மாதிரி எதற்கும் ஏறாது என்கிறேன் நான். ரெண்டையும் இங்கே வைத்துப் பயன்படுத்தியவர்கள் இருந்தால் சொல்லுங்கள், அவருக்குப் படித்துக் காட்டுகிறேன்.