பேரிங் மாற்றக் கொடுத்தேன், ஆக்சில் நட்டை வெல்டிங் வைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள்

என் காரின் முன்சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஷாஃப்டின் முனையில் இருக்கும் ஆக்சில் நட்டைக் கழற்றும்போது மரையை, அதாவது திருகு வரிகளைக் கெடுத்துவிட்டு, அதே நட்டை மறுபடி ஏற்றி, ஷாஃப்டோடு சேர்த்து இரண்டு இடத்தில் வெல்டிங் பொட்டு வைத்து, மேலே கிரீஸ் அப்பி, மூடியைத் தட்டி மூடிக் கொடுத்தார்கள். நானும் பில்லைக் கட்டி, நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அந்தச் சக்கரத்தை நம்பி இரண்டு வாரம் வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு சுற்றியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. கடைப் பெயரைப் போடவில்லை. என்ன செய்தார்கள் என்று தெரிந்தால் எந்தக் கடையிலும் பிடித்துவிடலாம்.

இடது முன்சக்கரத்தில் உறுமல் சத்தம். வேகம் கூடக் கூட அதுவும் கூடும், வண்டியை வலப்பக்கம் வளைத்தால் இன்னும் பலமாகக் கேட்கும். வீல் பேரிங்தான் என்று யாருக்கும் தெரியும். பேரிங்கை எடுக்க, சக்கரம் பொருந்தியிருக்கும் ஹப்பைக் கழற்ற வேண்டும், அதற்கு நடுவில் இருக்கும் ஆக்சில் நட்டைக் கழற்ற வேண்டும். எட்டு வருடமாக யாரும் கை வைக்காத நட். துரு ஏறி ஜாம் ஆகியிருந்தது உண்மை, அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் என் வண்டியில் இருக்கும் நட்டுக்குத் துருவைத் தவிர இன்னொரு பிடிப்பும் உண்டு. நட்டின் வெளி விளிம்பில் மெல்லிய காலர் இருக்கும். இறுக்கி முடித்ததும் அந்தக் காலரை, ஷாஃப்ட் முனையில் வெட்டியிருக்கும் பள்ளத்துக்குள் பஞ்ச் வைத்துத் தட்டி மடக்கிவிடுவார்கள். அதுதான் பூட்டு. சில வண்டிகளில் கிரீடம் போன்ற நட்டும் குறுக்கே ஒரு ஸ்பிளிட் பின்னும் இருக்கும். அங்கே பின் கண்ணுக்குத் தெரிவதால் முதலில் அதை உருவிவிடுவார்கள். மடக்கிய காலர் துருவுக்கும் மண்ணுக்கும் அடியில் ஒளிந்திருக்கும். பிரஷ் போட்டுத் தேய்த்து, மெல்லிய உளியால் அந்த மடிப்பை நிமிர்த்திய பிறகுதான் நட்டைத் திருப்ப வேண்டும். நிமிர்த்தாமல் திருப்பினால், உள்ளே மடங்கிய இரும்பு பள்ளத்தை விட்டு ஏறி, வருகிற வழியெல்லாம் மரையை உழுதுகொண்டே வரும்.

அன்று பிரஷும் இல்லை, உளியும் இல்லை. வேலை பார்த்த பையன் எண்ணெயை ஒரு தடவை பீய்ச்சினான். அது உள்ளே இறங்க ஒரு நிமிடம்கூட விடாமல், நட்டை அடித்து அடித்துத் திருப்பும் இம்பாக்ட் கன்னை வைத்தான். நட் அசையவில்லை. சாக்கெட்டில் நீளமான பைப்பை மாட்டி இரண்டு பேர் தொங்கினார்கள். கிரீச்சென்று கால் சுற்று வந்தது. அப்புறம் மறுபடி கன். நட் கையில் வந்தபோது அதன் உட்புறம் பென்சில் சீவல் மாதிரி சுருள் சுருளாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"அது என்னப்பா?" என்றேன்.

"துரு சார்."

துரு எப்போது பளபளத்தது என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. "சாயங்காலம் வாங்க சார், முடிச்சு வைக்கிறோம்" என்றார் கடைக்காரர். கிளம்பிவிட்டேன். என் பக்கத்துத் தவறு அதுதான்.

சாயங்காலம் உறுமல் போயிருந்தது. பில்லில் பேரிங், கூலி, அதோடு 'புது நட்' என்றும் ஒரு வரி. சரி, ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். சில நாளில் வண்டி கிளம்பும்போது ஒரு 'டக்', ரிவர்ஸ் எடுக்கும்போது இன்னொரு 'டக்'. போனில் கேட்டால், "புது பேரிங் சார், ஓட ஓட செட் ஆயிடும்." வீல் பேரிங்கில் ஓடி ஓடிச் சரியாகும் சமாசாரம் எதுவும் கிடையாது. யாராவது இப்படிச் சொன்னால் அப்போதே உஷாராகிவிடுங்கள்.

இரண்டாவதாகக் காட்டியது தனியாக வேலை பார்க்கும் வயதான மெக்கானிக் ஒருவரிடம். ஜாக்கி போட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆடியது. மூடியை எடுத்து, கிரீஸைத் துணியால் துடைத்தார். நட்டும் ஷாஃப்டும் சேரும் இடத்தில் எதிரெதிராக இரண்டு வெல்டிங் பொட்டுகள், சுற்றிலும் நீலம் பாரித்த இரும்பு. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "இதுல எத்தனை நாளா ஓட்டுறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

கிரைண்டரில் நட்டை அறுத்து, உளி வைத்துப் பிளந்து எடுத்தார். துடைத்த நட்டில் பழைய மடிப்பின் பள்ளம் அப்படியே இருந்தது, ஷாஃப்ட் பள்ளத்துக்கு நேராக இல்லாமல் வேறு பக்கமாகத் திரும்பி. பில்லில் ஏறிய 'புது நட்' என் பழைய நட்டேதான்! ஷாஃப்டில் நட் உட்காரும் இடத்தில் மரை மழுங்கி, தொட்டால் வழவழவென்று இருந்தது.

இந்த நட் சக்கரம் கழன்று போகாமல் இருப்பதற்காக மட்டும் இல்லை. பேரிங்கின் உள் வளையங்களை நெருக்கிப் பிடித்திருப்பதும் இதுதான். அதனால்தான் பல கார்களில் 200 நியூட்டன் மீட்டருக்குக் குறையாமல் இறுக்கச் சொல்லியிருக்கும். சரியான அளவு அந்தந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். மரை போன ஷாஃப்டில் அந்த இறுக்கம் வருவதற்குள் நட் வழுக்கிவிடும். வழுக்கிய இடத்தில் நிறுத்தி வெல்டிங் வைத்திருக்கிறார்கள். வெல்டிங் வைத்தால் நட் சுற்றாது, அவ்வளவுதான். நெருக்கிப் பிடிக்கும் பலம் அதனால் வராது. போதாததற்கு அந்தச் சூட்டில் பேரிங் சீலும் கிரீஸும் கெடும், பதம் போட்ட ஷாஃப்ட் இரும்பு அந்த இடத்தில் விரிசல் விடலாம். கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்தால் உள்ளே இருக்கும் குண்டுகளில் பொத்தல் விழும். ஆக, புது பேரிங்கும் போனது, ஷாஃப்டும் போனது.

முனையில் ஒன்றிரண்டு மரை மட்டும் நசுங்கியிருந்தால் காப்பாற்றலாம் என்றார் அவர். மரை அரம் போட்டுச் சீர்செய்யலாம். மரை வெட்டும் கருவியான டை, இரண்டாகப் பிரியும் வகை இருந்தால், உள்ளே நல்லபடியாக இருக்கும் மரையில் அதைப் பொருத்தி வெளிப்பக்கமாகத் திருகிக்கொண்டே வரலாம், அது பழைய தடத்திலேயே வரும். நட் உட்காரும் இடமே போனால் ஷாஃப்டை மாற்றுவதைத் தவிர வழியில்லை. முதல் நாளே நட் வர மறுத்தபோது அறுத்திருந்தால், புது நட் ஒன்றோடு வேலை முடிந்திருக்கும். மடித்துப் பூட்டும் நட்டை எப்படியும் மறுபடி போடக்கூடாது, அதைக் காப்பாற்றி என்ன பயன்?

நட்டையும் போட்டோக்களையும் எடுத்துக்கொண்டு முதல் கடைக்குப் போனேன். "பழைய வண்டி சார், துரு சார்" என்றார். வெல்டிங்கைக் காட்டினேன். "அது எக்ஸ்ட்ரா ஸ்ட்ராங்குக்கு வச்சது." போடாத நட்டுக்கு வாங்கிய காசை மட்டும் திருப்பித் தந்தார். அதையும் ஏதோ உதவி செய்வது போல நீட்டினார். மரை போவது நல்ல மெக்கானிக்குக்கும் நடக்கும். "போயிடுச்சு சார், ஷாஃப்ட் மாத்தணும்" என்று அன்றே சொல்லியிருந்தால் திட்டிவிட்டு மாற்றியிருப்பேன். கிரீஸ் அப்பி மறைத்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

யாராவது ஆக்சில் நட்டில் கை வைக்கப் போகிறார்கள் என்றால் பக்கத்திலேயே நில்லுங்கள். மடிப்பை நிமிர்த்தினார்களா, புது நட்டைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தார்களா என்று பாருங்கள். முதல் சில சுற்றுகள் விரலாலேயே ஏற வேண்டும். எடுத்த எடுப்பில் கன்னை வைத்தால் மரை கோணலாக ஏறிவிடும். கடைசி இறுக்கம், எவ்வளவு இறுகியது என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில்தான். ஷாஃப்ட் வெளியே வரவில்லை என்று அதன் முனையில் சுத்தியலால் அடிக்க விடாதீர்கள், தலை விரிந்துவிடும். அதை அடிக்காமல் வெளியே தள்ளப் புல்லர் என்ற கருவி இருக்கிறது. மூடியைப் போடுவதற்கு முன் ஒரு போட்டோ எடுங்கள், பழைய நட்டைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது வலப்பக்கச் சக்கரமும் லேசாக உறும ஆரம்பித்திருக்கிறது. நேற்று நானே மூடியைக் கழற்றி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். துருவுக்கு அடியில் அந்த மடிப்பு அப்படியே இருக்கிறது. எண்ணெய் விட்டு ஊற வைத்திருக்கிறேன். பெரியவர் நாளை வரச் சொல்லியிருக்கிறார்.