மூன்று பேட்டரிகளும் ஓர் அறுவடைப் பருவமும்

மண்ணுக்குள் புதைந்த பழைய காசுகளையும் பொருள்களையும் தேட நான் பயன்படுத்தும் கம்பியில்லா மெட்டல் டிடெக்டர், அதன் காயிலின் (மண்ணின் மேல் வீசித் தேடும் வட்டின்) பேட்டரி மாற்றப்பட்டு, கடந்த வாரம்தான் பழுதுபார்ப்பு நிலையத்திலிருந்து வீடு திரும்பியது. அதே வாரத்தில் நார்விச்சில் வசிக்கும் நண்பர் ஒருவர், புதிய மாடல்கள் வந்த பிறகு இதன் விலை நன்றாக இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று கேட்டார். அதிர்வெண், ஆழம் முதலிய விவரங்கள் எல்லா இடத்திலும் கிடைக்கும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். இந்தக் கருவியோடு ஒரு நாள் வயலுக்குப் போகத் தயாராவது எப்படி இருக்கும் என்பதை மட்டும் சொல்ல விரும்புகிறேன். என் மகிழ்ச்சி, கோபம் இரண்டுக்கும் காரணம் அதுதான்.

நான் தேடும் கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் எங்களுக்கு ஆண்டின் மையம் அறுவடை. பயிர் நிற்கும்போது வயலில் கால் வைக்க முடியாது. ஜூலையில் பார்லியும் ஆகஸ்டில் கோதுமையும் அறுபட்ட பிறகு, அரிதாள் நிற்கும் வயல் உழப்படும் வரையிலும், உழுத மண்ணில் அடுத்த விதை இறங்கும் வரையிலும் கிடைக்கும் சில வாரங்களே எங்களுக்கானவை. அடுத்த பயிர் எண்ணெய்க்கடுகு என்றால் அதை ஆகஸ்டிலேயே விதைத்துவிடுவார்கள் என்பதால் அந்த இடைவெளியும் சுருங்கிவிடும். எந்த நாளில் எந்த வயல் என்பதை விவசாயிதான் தீர்மானிப்பார். சனிக்கிழமை மேற்கு வயலுக்கு வரலாம், திங்கட்கிழமை கலப்பை இறங்குகிறது என்று அவரிடமிருந்து ஒரு வரிச் செய்தி வரும். அந்த ஒரு வரிக்காகக் காத்திருக்கும் மாதங்களும், அது வந்த பிறகு கைக்குக் கிடைக்கும் இரண்டு மூன்று மாலைகளும்தான் இந்தத் தேடலின் பெரும்பகுதி என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

அந்த மாலைகளில் முதல் வேலை வரைபடம். மைலுக்கு 25 அங்குலம் என்ற அளவில் வரையப்பட்ட ஆர்டனன்ஸ் சர்வே என்ற பிரிட்டன் நில அளவை நிறுவனத்தின் பழைய தாள்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. அவற்றில் இங்கிலாந்தும் அடக்கம். இன்று ஒரே பரப்பாகத் தெரியும் வயல் அந்தத் தாளில் நான்கு துண்டுகளாகவும், நடுவே ஒற்றையடிப் பாதையோடும், மூலையில் இப்போது தூர்ந்துபோன ஒரு குளத்தோடும் இருக்கும். பாதை வேலியைக் கடக்கும் இடத்தில் மனிதர்கள் குனிந்திருப்பார்கள், ஏறி இறங்கியிருப்பார்கள், மடியிலிருந்து எதையாவது நழுவவிட்டிருப்பார்கள். ஆகவே அங்கிருந்துதான் தொடங்குவேன். சுற்றுச்சூழல் முகமை இலவசமாக வெளியிடும் லைடார் (வானிலிருந்து லேசரால் நிலத்தின் மேடுபள்ளத்தை அளக்கும்) தரவில், உழவில் மழுங்கிப்போன வரப்பும் பள்ளமும் நிழலாகத் தெரிவதுண்டு. பிறகு தொல்சின்னங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் பட்டியலைப் பார்த்தே ஆக வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்சின்னம் எதுவும் வயலுக்குள் வந்தால், 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிய அனுமதியின்றி அங்கே டிடெக்டரை இயக்குவதே குற்றம். விவசாயி சம்மதித்தாலும் அது செல்லாது.

வரைபடம் முடிந்ததும் கருவியை எடுப்பேன். இந்த இடத்தில் இதற்கு ஈடாக நான் வேறு எதையும் பயன்படுத்தியதில்லை. நாளை போகப்போகும் வயலுக்கென்று தனி அமைப்பு ஒன்றை முந்தின நாளே உருவாக்கிச் சேமித்துக்கொள்ளலாம். பழைய வீடு நின்று இடிந்த மூலை என்றால் மண்ணில் ஆணிகள் நிறைந்திருக்கும். அதற்கு 18 கிலோஹெர்ட்ஸ், ஒரு பொருளின் ஒலி முடிந்ததும் அடுத்ததற்கு விரைந்து மீளும் அமைப்பு. திறந்த வயலில் பெரிய காசுகளை ஆழத்தில் தேடுவதற்கு 8 கிலோஹெர்ட்ஸ் போதும். சில்லறைத் தேவைக்காக இடைக்கால மக்கள் வெள்ளிப் பென்னியை இரண்டாகவும் நான்காகவும் வெட்டிப் பயன்படுத்தினார்கள். அந்தக் கால் துண்டு சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிதாக இருக்காது. பழைய ஆணி ஒன்றையும் மெல்லிய வெள்ளித் துண்டு ஒன்றையும் தோட்டத்தில் பக்கம் பக்கமாக வைத்து, இரண்டு ஒலிகளும் தனித்தனியே கேட்கும்வரை அமைப்பைத் திருத்திக்கொண்டே இருப்பேன். வீட்டுக்குள் மின்கம்பிகளின் இரைச்சல் குறுக்கிடும் என்பதால் இருட்டினாலும் தோட்டம்தான் சரி. அந்த இரண்டாவது ஒலி பிரிந்து கேட்கும் கணத்தில், மறுநாளுக்கான ஆவல் உடம்பில் ஏறிவிடும்.

மடித்தால் பையில் அடங்குகிறது, எடை ஒரு கிலோவுக்கும் குறைவு, அரிதாளில் சிக்கிக்கொள்ளும் ஹெட்போன் கம்பி இல்லை. இவையெல்லாம் உண்மையான வசதிகள்.

கம்பி இல்லாததற்கு நாம் கொடுக்கும் விலை பேட்டரி. காயிலுக்கு ஒன்று, அமைப்புகளை மாற்றும் ரிமோட்டுக்கு ஒன்று, ஹெட்போனுக்கு ஒன்று என மூன்று உண்டு. மூன்றில் எது தீர்ந்தாலும் தேடல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். ரிமோட்டும் ஹெட்போனும் எந்தத் தொல்லையும் கொடுத்ததில்லை. காயிலை மட்டும் ஒரு கிளிப் கொண்டு பற்றிப்பிடித்து சார்ஜ் செய்ய வேண்டும். அந்தக் கிளிப்பின் ஊசிகள் காயிலின் தொடுமுனைகள் மீது சரியாக அமர வேண்டும். இத்தனை ஆண்டுகளில் அது ஒருபோதும் முதல் முயற்சியில் அமர்ந்ததில்லை. துடைத்தாலும் முனைகளில் களிமண்ணின் மெல்லிய படலம் தங்கிவிடுகிறது. விளக்கு எரிகிறதே என்று நம்பிப் படுத்தால், யாரோ மேசையை இடித்ததில் கிளிப் நகர்ந்து, விடியற்காலையில் பாதி நிறைந்த காயில் காத்திருக்கும். மறுநாள் விடியலுக்கு முன் கிளம்ப வேண்டிய ஒருவர், இரவில் எழுந்து வந்து விளக்கைப் பார்த்துவிட்டுப் போக வேண்டியிருப்பது நியாயமே இல்லை. சேற்று வயலில் பயன்படுத்துவதற்கென்றே செய்யப்பட்ட பொருளுக்கு, சேறு பட்டால் தடுமாறும் இணைப்பை வைத்தவர்கள் மீது எனக்கு இன்றும் கோபம் தணியவில்லை.

இந்த ஆண்டு காயில் பேட்டரி முழுதும் நிறைந்த பிறகும் நண்பகலைத் தாண்டவில்லை. பேட்டரிக்கு வயதாவது இயல்பு. அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அது காயிலுக்குள்ளேயே அடைக்கப்பட்டிருக்கிறது. வீட்டில் திறந்து மாற்ற வழியில்லை; அனுப்பிவைத்தால்தான் உண்டு. அனுப்பியது ஆகஸ்டில், வந்தது விதைப்பெல்லாம் முடிந்த பிறகு. பழுதுபார்த்தவர்கள் வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறார்கள், காயில் மறுபடியும் நாள் முழுவதும் நிற்கிறது. அதைச் சொல்லியாக வேண்டும். எனினும் வரைபடத்தில் நான் குறித்து வைத்திருந்த அந்த மேற்கு வயலில் இப்போது கோதுமை முளைத்துவிட்டது.

பை எப்போதும் தயாராகவே இருந்தது என்பது இன்னும் வருத்துகிறது. மண்வெட்டி, குழிக்குள் பொருள் இருக்கும் இடத்தைக் காட்டும் சிறு கருவியான பின்பாயின்டர், எழுதக்கூடிய சிறு பைகள், இடக்குறியீடு காட்டும் கைப்பேசி, காப்பீட்டு அட்டை ஆகியவற்றோடு, கிடைத்ததைத் தெரிவிக்க வேண்டிய தொல்பொருள் தொடர்பு அலுவலரின் தொலைபேசி எண்ணும் அதில் இருக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் இடம் குறிப்பது வெறும் ஒழுங்குக்காகச் செய்வதல்ல. 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வெள்ளிக் காசு ஒன்று தனியாகக் கிடைத்தால் பொதுவாக அது புதையலாகாது. ஒரே புதைப்பைச் சேர்ந்தவையாக இரண்டு கிடைத்தால் அவை புதையல். 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். எது எங்கே கிடைத்தது என்ற குறிப்பு இல்லாவிட்டால் அதை யாராலும் தீர்மானிக்க முடியாது. இதே சஃபோக்கில், ஹாக்ஸ்னே என்ற ஊரில், 1992 நவம்பரில் எரிக் லாஸ் என்பவர் ஒரு விவசாயியின் தொலைந்த சுத்தியலைத் தேடப்போய், கிட்டத்தட்ட 15,000 ரோமானியக் காசுகள் கொண்ட புதையலைக் கண்டார். அவர் முழுவதையும் தோண்டி எடுக்காமல் நிறுத்தித் தகவல் கொடுத்ததால்தான் தொல்லியலாளர்கள் அதை அடுக்கு கலையாமல் எடுக்க முடிந்தது. நிறுத்துவதற்கும் ஒருவர் முன்கூட்டியே மனத்தைத் தயார் செய்துகொள்ள வேண்டும். பையில் அந்த எண்ணை முதலில் வைப்பது அதனால்தான்.

நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். ஆணிக்கும் வெள்ளிக்கும் இடையில் இவ்வளவு நுட்பமாகப் பிரித்துச் சொல்லும் கருவியை நான் கையாண்டதில்லை, என்னுடையதை விற்கவும் மாட்டேன். இருந்தும் வேண்டாம் என்றே சொல்கிறேன். ஓர் அறுவடைப் பருவத்தை இழந்தவனின் சொல் இது. அடுத்த ஆகஸ்டில் கேட்டால் வேறு விதமாகச் சொல்லக்கூடும். பேட்டரியைக் கையால் கழற்றி மாற்றக்கூடிய கருவி சற்றுக் கனமாக இருந்தாலும், ஒலி சற்று மந்தமாக இருந்தாலும், அதையே தேர்ந்தெடுங்கள். விலை இறங்கியிருப்பதைப் பார்த்து மனம் கேட்கவில்லை என்றால், பழைய கருவியாக வாங்குபவர் காயிலை முழுதாக சார்ஜ் செய்து, விற்பவரின் எதிரிலேயே பல மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். கிளிப்பையும் உங்கள் கையாலேயே மாட்டிப் பாருங்கள். வாங்கினால் சார்ஜர் கிளிப் ஒன்றைக் கூடுதலாக வாங்கிவிடுங்கள், பேட்டரி மாற்றும் வேலையை ஜனவரியில் கொடுங்கள்.