லத்தீன் உரைநடைக்கு இரண்டு வழிகள்: வாய்பாடா, வாசிப்பா?

குமரி மாவட்டத்து விளவங்கோடு வட்டத்தில் ‘லத்தீன்’ என்ற சொல்லைச் சாதிச் சான்றிதழிலும் மறைமாவட்டப் பேச்சிலும் கேட்டு வளர்கிறோம். அது ஒரு மொழியின் பெயர் என்பது பலருக்கும் கல்லூரிக்கு வந்த பிறகே உறைக்கிறது. வழிபாட்டைத் தாய்மொழிக்குத் திறந்துவிட்ட இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962–65) முன் வளர்ந்த பாட்டிமார் ‘தாந்தும் எர்கோ’ என்ற லத்தீன் வழிபாட்டுப் பாடலை இன்றும் தடுமாறாமல் பாடுவார்கள், பொருள் கேட்டால் சிரிப்பார்கள். வரலாற்று ஆய்வுக்காக நான் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்துக்கு லத்தீன் படிக்கப் போனபோது, வகுப்பில் இரண்டு பாடநூல்கள் புழக்கத்தில் இருந்தன. இரண்டையும் முழுமையாகப் படித்தவன் என்ற முறையில், தமிழ் மாணவருக்கு எது எங்கே உதவும் என்பதை எழுதுகிறேன்.

முதலாவது, அமெரிக்கரான ஃபிரெடெரிக் வீலாக் எழுதியது. அதன் முதற்பதிப்பு வந்த 1956, எங்கள் நான்கு வட்டங்கள் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்த ஆண்டும்கூட. 40 அதிகாரங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கண விதி, ஒரு வாய்பாடு, சொற்பட்டியல், பிறகு பழைய ஆசிரியர்களிடமிருந்து எடுத்த வாக்கியங்கள். இரண்டாவது, டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் ஓர்பெர்க் எழுதியது. அதில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை லத்தீன் மட்டுமே உண்டு. ஓர் உரோமைக் குடும்பத்தின் கதை 35 அதிகாரங்களில் ஓட, புதிய சொல்லின் பொருளைப் படமும் ஓரக்குறிப்பும் சூழலுமே உணர்த்திவிடுகின்றன.

வீலாக்கின் விளக்கம் ஆங்கிலம் பேசும் மாணவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டதால், வேற்றுமை என்றால் என்ன என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. எட்டு வேற்றுமைகளைப் பள்ளியில் ஒப்பித்த நமக்கு அந்தப் பகுதி தேவையில்லை. லத்தீனின் ‘அப்லாத்தீவ்’ வேற்றுமை நம்முடைய மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வேற்றுமைகளை ஒரே உருபில் அடக்கியது என்று சொன்னால் ஒரு தமிழ் மாணவருக்கு அரை நிமிடத்தில் விளங்கிவிடும்: ‘க்ளதியோ’ என்றால் வாளால், ‘ரோமா’ என்றால் உரோமையிலிருந்து, ‘இன் உர்பெ’ என்றால் நகரத்தில். வினையிலும் நமக்கு ஒரு சலுகை இருக்கிறது. ‘அமோ, அமாஸ், அமத்’ என்பதை நேசிக்கிறேன், நேசிக்கிறாய், நேசிக்கிறான் என்று விகுதிக்கு விகுதி வைத்துப் பார்க்கலாம். எழுவாய் இல்லாமலே வினை ஆளைக் காட்டிவிடும். என் பக்கத்தில் அமர்ந்திருந்த நெய்யாற்றின்கரை நண்பருக்கோ, ‘ஞான் போயி, நீ போயி, அவன் போயி’ என்று மூன்று இடத்துக்கும் ஒரே வினைவடிவம் வழங்கும் மலையாளத்திலிருந்து வந்ததால், இந்த விகுதிகளை மனப்பாடம் செய்துதான் பிடிக்க வேண்டியிருந்தது.

‘உர்பெ கப்தா’ போன்ற தொடர்களை ஆங்கில நூல்கள் ஓர் அதிசயம்போல விளக்குகின்றன. தமிழில் அது ‘மழை பெய்யப் பயிர் விளைந்தது’ என்பதன் உறவினர். முதன்மை வினைக்கு ஓர் எழுவாய், எச்சத்துக்கு வேறோர் எழுவாய். ‘செய’ என்னும் வாய்பாட்டு எச்சம் நமக்குத் தினசரிப் பேச்சு. ‘நகர் பிடிபட, மக்கள் ஓடினர்’ என்று பெயர்த்துவிட்டு மேலே செல்லலாம். இத்தகைய இடங்களிலெல்லாம் ஓர்பெர்க்கின் வழியே வேகமானது. விதியைச் சொல்லாமல் வாக்கியத்தைக் காட்டுவதால், தமிழ்ச் செவி தானாகவே பொருளைப் பிடித்துக்கொள்கிறது.

ஆனால் அதே தமிழ்ச் செவி ஓரிடத்தில் நம்மைக் குழியில் தள்ளுகிறது. ‘தீக்குந்த் கைஸரெம் வெனீரெ’ என்ற வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘சீசரை வரச் சொல்கிறார்கள்’ என்று அழகான தமிழாக வரும். அதன் உண்மையான பொருள் ‘சீசர் வருகிறார் என்று சொல்கிறார்கள்’ என்பது. ‘என்று’ இல்லாத இந்த அயற்கூற்றை ஓர்பெர்க் 11ஆம் அதிகாரத்தில், மரத்திலிருந்து விழுந்த சிறுவனைப் பார்க்க வைத்தியர் வரும் கதைக்குள் நுழைத்துவிடுகிறார். கதை விளங்கியதால் இலக்கணமும் விளங்கிவிட்டது என்று நினைத்து நான் பல மாதங்கள் ஏமாந்தேன். வீலாக் இதை 25ஆம் அதிகாரம் வரை தள்ளிவைத்து, காலம் மாறினால் எச்சவினை எப்படி மாறும் என்று வரிசையாகக் காட்டுகிறார். பாலும் அப்படித்தான். உயர்திணைக்குள் மட்டும் ஆண்பால், பெண்பால் பார்த்துப் பழகியவர்களுக்கு மேசை பெண்பாலாகவும் சூரியன் ஆண்பாலாகவும் இருப்பதும், அவற்றுக்கேற்ப ‘நல்ல’ என்ற அடைமொழி வடிவம் மாற வேண்டுவதும் வாய்பாடு இல்லாமல் நிலைப்பதில்லை. ஆகவே ஓர்பெர்க்கை முதன்மை நூலாக வைத்து, இந்த இரண்டுக்கும் பின்னால் வரும் வினைப்பாங்குகளுக்கும் வீலாக்கைத் திறப்பதே என் தேர்வு.

உச்சரிப்பைப் பற்றி ஒன்று. ‘வானத்தின்’ என்பதைக் குருமடத்தில் படித்தவர் ‘சேலி’ என்பார். பல்கலைக்கழக மரபில் அது ‘கைலீ’. கொடியில் காயும் கைலியை நினைத்து வகுப்பில் நான் மட்டும் சிரித்தது நினைவிருக்கிறது. ஓர்பெர்க் நெடிலுக்குக் கோடிட்டு அச்சிடுவது குறில்–நெடில் பழகிய நமக்கு வசதி: ‘மலும்’ தீமை, ‘மாலும்’ ஆப்பிள்.

அடுத்த தேர்வு, எந்த உரைநடையை முதலில் வாசிப்பது என்பது. வழக்கமாகச் சீசரின் காலியப் போர்க் குறிப்புகளைக் கொடுப்பார்கள். சிலர் புனித ஜெரோமின் விவிலியத்தைச் சொல்வார்கள். ஜெரோமிடம் ‘குவோத்’ என்ற சொல் பல இடங்களில் நம் ‘என்று’வின் வேலையைச் செய்கிறது, ‘கடவுள் அது நல்லது என்று கண்டார்’ என்பது அப்படியே அமைகிறது. ஆனால் எபிரேய நடையைத் தழுவிய அந்த வரியில் வினை முன்னால் நிற்கும். சீசரிடம் வினை தமிழைப் போலப் பெரும்பாலும் கடைசியில் வரும். ‘என்று’தான் கிடைக்காது, தூதர்களின் பேச்சுகள் பத்தி பத்தியாக அயற்கூற்றில் நீளும். ஜெரோமில் ஒரு மாதம், பிறகு சீசர் என்பது சரியாக இருக்கும். சிசரோவை இரண்டாம் ஆண்டுக்கு முன் தொட வேண்டாம்.

இந்த இருவருக்கும் போட்டியாக நம் மண்ணைப் பற்றிய லத்தீனே இருப்பதைப் பாடத்திட்டங்கள் கண்டுகொள்வதில்லை. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ தென்னையில் தொடங்குகிறது, கே. எஸ். மணிலாலின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கேரளப் பல்கலைக்கழகம் 2003இல் வெளியிட்டிருப்பதால் சரிபார்க்கவும் முடியும். அது செடி வருணனை என்பதால் வினைகள் குறைவு, அடைமொழிகள் மிகுதி. பால் இயைபுக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குக் கிடைக்கவில்லை. வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கு லத்தீனில் எழுதி 1738இல் தரங்கம்பாடியில் அச்சான இலக்கணம் இன்னும் எளிது. தமிழ்ப் பெயர்ச்சொல் எப்படி வேற்றுமை ஏற்கிறது என்று அவர் விளக்கும்போது, அந்தப் பக்கத்தில் எனக்குத் தெரியாதது லத்தீன் மட்டுமே. எடுத்துக்காட்டுகள் எல்லாம் வீட்டில் பேசுகிறவை.