பினாங்கு புலாவ் திக்குஸில் நாங்கள் எடுக்கும் வாடகை வீடு

மலேசியாவின் பினாங்கு தீவில் ஒரு மாதம் தங்கப் போகிறவர்கள் கடற்கரை ஹோட்டல் தேட வேண்டாம். புலாவ் திக்குஸ் பக்கம், சந்தைக்கு நடக்கிற தூரத்தில், அடுப்பு வைத்த வீடாகப் பாருங்கள். மகள் பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி வேலைக்குப் போனதிலிருந்து நானும் என் கணவரும் பினாங்கு போனால் தங்குவது புலாவ் திக்குஸில் ஒரே வீட்டில்தான். மாடி வீடு, இரண்டு படுக்கையறை. கோயம்புத்தூர் வீட்டுக்கு அடுத்தபடியாக எனக்கு மனசு ஒட்டிய இடம் அது.

சமையலறையைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். அந்த ஊரில் பல வீடுகளில் சமையலறை இரண்டு. உள்ளே பெயருக்கு ஒன்று; பின்பக்கம் கம்பி போட்ட ஜன்னலோடு, காற்றோட்டமாக, நிஜமாகச் சமைப்பதற்கு ஒன்று. கடுகு தாளித்தால் நெடி வீட்டுக்குள் வராது. பக்கத்து வீட்டில் பெலாச்சான் என்கிற இறால் விழுதை வறுக்கும் வாடை மட்டும் சில நாள் நம் பக்கம் வரும். மின்சாரம் நம் ஊர் அளவுதான், ஆனால் பிளக் சதுர முள். மிக்ஸி கொண்டு போனால் அடாப்டரும் வேண்டும்.

காலை ஏழு மணிக்குச் சந்தை. கறிவேப்பிலை, முருங்கைக்காய், வெண்டைக்காய் எல்லாம் உண்டு. நான் நிற்பது புங்கா காந்தான் விற்கும் அம்மாவிடம். இளஞ்சிவப்பில், விரல் நீளத்துக்குக் கூம்பிய இஞ்சிப்பூ மொட்டு. அங்கே அசாம் லக்சா என்கிற புளிப்பு மீன் நூடுல்ஸ் சூப்பில் பொடியாக அரிந்து போடுவார்கள். நான் இறக்கிவைத்த எலுமிச்சை ரசத்தில் தூவினேன். அந்த மணம் வேறு எதிலும் கிடையாது. இப்போது என்னைப் பார்த்ததும் அந்த அம்மா கேட்காமலே இரண்டு மொட்டு எடுத்துவைக்கிறார்.

வீட்டுக்காரம்மா கீழ்த்தளத்தில் இருக்கும் சீனப் பாட்டி. எங்கள் இட்லிப் பானை, மிக்ஸி, இரண்டு போர்வை எல்லாவற்றையும் ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டு அவருடைய ஸ்டோர் ரூமில் வைத்துவிட்டு வருகிறோம். அதற்குக் காசு வாங்குவதில்லை. தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளித்தேர் வரும்போது அவரும் தேங்காய் உடைக்க வந்தார். அங்கே சீனர்கள் குடும்பத்தோடு வந்து குவியல் குவியலாக உடைப்பார்கள். தண்ணீர்மலை முருகனுக்கு 513 படி. எனக்காக அடிக்கடி நின்று நின்று ஏறினார் பாட்டி.

குறைகளும் உண்டு. லிஃப்ட் கிடையாது. மழை பிடித்தால் துணி இரண்டு நாள் காயாது, அலமாரியில் பூஞ்சை வாடை வந்துவிடும். கொசு அதிகம். வாடகைக்கு மேல் இரண்டு மாத முன்பணமும் கரண்டு, தண்ணீருக்குத் தனி டெபாசிட்டும் கேட்பது அங்கே வழக்கம். குறைந்த நாளுக்கு என்றால் பேசிக் குறைக்கலாம். சொந்தமாக வாங்கும் ஆசை எங்களுக்கும் வந்தது. வெளிநாட்டவர் வாங்க குறைந்தபட்ச விலை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும். பென்ஷன்காரர்களுக்கு வாடகையே சரி.

2024 டிசம்பரில் சென்னையிலிருந்து நேர் விமானம் தொடங்கியது பெரிய வசதி. அதற்கு முன் கோலாலம்பூரில் இறங்கி மாற வேண்டும். போய் இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பிவிடுங்கள். ஊருக்குள் 101 பஸ் போதும், படகுத்துறையிலிருந்து பத்து ஃபெரிங்கி கடற்கரை வரை அதிலேயே போகலாம். சில்லறை தரமாட்டார்கள், சரியான காசு கையில் இருக்கட்டும்.

மூட்டுவலிக்காரர்கள் மாடி வீடு எடுக்க வேண்டாம். அதே தெருவில் தரைத்தள வீடுகளும் வாடகைக்கு வருகின்றன. அட்வான்ஸ் கொடுக்கும் முன் பின்பக்கச் சமையலறையைத் திறந்துகாட்டச் சொல்லிப் பாருங்கள்.