பனிக்கால மாரத்தான் பயிற்சி: டிரெட்மில்லா, தெருவா?

பாஸ்டன் மாரத்தான் ஏப்ரல் மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை நடக்கிறது. அதற்கு டிசம்பர் கடைசியிலேயே பயிற்சியைத் தொடங்கியாக வேண்டும். அந்த ஊரில் அப்போது மாலை நாலரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வேலை முடிந்து வந்தால் இருட்டு, குளிர், வழுக்கும் நடைபாதை.

டிரெட்மில்லில் வழுக்கி விழும் பயம் இல்லை. வேகத்தைப் பொத்தானில் வைத்துவிடலாம். வாரநாள் வேக ஓட்டங்களுக்கு அது போதும். 1 சதவீத ஏற்றம் வைத்துக்கொண்டால் வெளியே எதிர்க்காற்றுக்குக் கொடுக்கும் உழைப்பு ஓரளவு ஈடாகும்.

ஆனால் நீண்ட ஓட்டத்துக்கு என் ஓட்டு தெருவுக்குத்தான். பாஸ்டன் மாரத்தான் பாதை ஹாப்கின்டன் என்ற ஊரில் தொடங்கியதுமே சரிவாக இறங்குகிறது. இறக்கத்தில் ஒவ்வொரு அடியும் முன்தொடையில்தான் விழும். அப்படிக் களைத்த கால்களோடுதான் வழியில் வரும் நியூட்டன் என்ற ஊரின் நான்கு ஏற்றங்களையும் ஏற வேண்டும். கடைசி ஏற்றமான ஹார்ட்பிரேக் ஹில் வரும்போது 32 கிலோமீட்டர் கடந்திருக்கும். பெரும்பாலான டிரெட்மில்களில் இறக்கமே கிடையாது. இந்த வலியைத் தெருவில்தான் பழக முடியும்.

குளிருக்கு வழி இருக்கிறது. பருத்தி வேண்டாம், வியர்வையில் நனைந்து உடம்பைச் சில்லிட வைக்கும். கிளம்பும்போது லேசாகக் குளிர்ந்தால் உடை சரி. தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மேலிருந்து உறைவதால் வாய்ப்பக்கம் அடைபடாது. அப்புறம், தரையில் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிப் பனி படிந்த நாளில் மட்டும் பிடிவாதம் வேண்டாம். அன்று டிரெட்மில்தான்.