வேர்ட்பிரஸ் தீம் அமைப்புகளை எல்லா வார்ப்புருக் கோப்புகளிலும் எடுத்தாளுதல்: சில ஆண்டு அனுபவம்

இணையதளங்களை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸுக்கு 2016-இல் நான் எழுதிய தீம் (தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் கோப்புத் தொகுப்பு) ஒன்று ஒரு சிற்றிதழின் தளத்தில் இன்றும் இயங்குகிறது. இலச்சினை, தலைப்பின் நிறம், அடிப்பகுதி வரி எனத் தரவுத்தளத்தில் சேமித்த அமைப்புகளை, பக்கங்களை உருவாக்கும் வார்ப்புருக் கோப்புகளுக்குக் கொண்டுசேர்க்கும் வழியை இதுவரை இரண்டு முறை மாற்றியிருக்கிறேன்.

முதலில் தீமின் பொதுவான நிரல்கள் இருக்கும் ஃபங்ஷன்ஸ் கோப்பிலேயே, சேமித்த அமைப்பை வாசித்துத் தரும் கெட் ஆப்ஷன் மூலம் அனைத்தையும் ஒரு மாறியில் வாங்கி வைத்தேன். தனிப்பதிவைக் காட்டும் சிங்கிள் கோப்பில் கிடைத்த அந்த மாறி, பக்கத்தின் மேற்பகுதிக்கான ஹெடர் கோப்பில் வெறுமையாக இருந்தது. ஹெடர் கோப்பை அழைக்கும் கெட் ஹெடர் என்பது ஒரு ஃபங்ஷன் (செயற்கூறு) என்பதும், அது உள்ளிழுக்கும் கோப்பு ஃபங்ஷனின் வரம்புக்குள் இயங்குவதால் வெளியிலுள்ள மாறி அதற்குத் தெரியாது என்பதும் விளங்க எனக்கு ஒரு மாலைப்பொழுது தேவைப்பட்டது. குளோபல் (எங்கும் தெரியும் மாறி) என்று அறிவித்ததும் சிக்கல் தீர்ந்தது; ஆனால் அதே பெயரில் மாறி வைத்திருந்த ஒரு பிளகின் (கூடுதல் வசதி தரும் நிரல்) சில மாதங்கள் கழித்து என் அமைப்புகளை அழித்தெழுதியது. மாறிக்கு 'ஆப்ஷன்ஸ்' என்று பெயரிட்டது என் பிழைதான்.

அதன்பின், அமைப்பின் பெயரைக் கொடுத்தால் மதிப்பைத் திருப்பித்தரும் சிறிய ஃபங்ஷன் ஒன்றை எழுதி, இயல்புநிலை மதிப்புகள் அனைத்தையும் அதற்குள்ளேயே வைத்தேன். ஒவ்வொரு அழைப்பும் தரவுத்தளத்தைத் தட்டுமோ என்ற அச்சம் வீண். ஆட்டோலோடு குறியிட்ட ஆப்ஷன்களை வேர்ட்பிரஸ் தொடக்கத்திலேயே மொத்தமாக வாங்கி நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது.

2018-இல், தோற்றத்தை முன்னோட்டத்துடன் மாற்றும் திரையான கஸ்டமைசருக்கு மாறியபோது, ஃபங்ஷனுக்குள் கெட் ஆப்ஷனுக்குப் பதிலாக, தீமுக்கென்றே சேமித்த மதிப்பை வாசிக்கும் கெட் தீம் மாட் வந்ததே தவிர, வார்ப்புருக்களில் ஒரு வரியும் மாறவில்லை. இந்த முறையை நான் விடாமல் வைத்திருப்பதற்கு முதற்காரணம் இதுவே. எனினும் இரண்டு இடங்களில் இடறினேன். பயனர் ஒரு பெட்டியை வெறுமையாக்கிச் சேமித்தால் கெட் தீம் மாட் வெற்றுச் சரத்தையே தரும், இயல்புநிலை மதிப்பைத் தராது. மேலும் இம்மதிப்புகள் தீமின் பெயரோடு சேர்த்துச் சேமிக்கப்படுவதால், சைல்டு தீமை (மூலத் தீமைச் சார்ந்து இயங்கும் கிளைத் தீமை) இயக்கிய அன்று இலச்சினை உட்பட எல்லாம் மறைந்துபோயின; பழைய மதிப்புகளைப் புதிய பெயருக்கு நானே படியெடுத்தேன்.

வேர்ட்பிரஸின் 5.5 பதிப்பில், வார்ப்புருவின் ஒரு பகுதிக் கோப்பை உள்ளிழுக்கும் கெட் டெம்ப்ளேட் பார்ட்டுக்கு மூன்றாவது அளபுரு (உள்ளீட்டு மதிப்பு) வந்தது. ஒரு பகுதிக்கு மட்டும் உரிய மதிப்பை அனுப்ப அது போதும். தளம் முழுவதற்குமான அமைப்புக்கு இன்னமும் என் ஃபங்ஷன்தான். பக்கங்களைத் தொகுதிகளாக அமைக்கும் புதுவகையான பிளாக் தீமுக்கு மட்டும் நான் மாறவில்லை, ஏனெனில் அங்கே வார்ப்புருக்கள் எச்டிஎம்எல் கோப்புகளாக இருப்பதால் இந்த ஃபங்ஷனை நேராக அழைக்க வழியில்லை.