எடைமேடையும் பைத்தான் சாக்கெட்டும்: ஆறு பிசானம் கண்ட அனுபவம்

அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி ஆலை ஒன்றின் எடைமேடையைக் கணினியோடு இணைக்க, பைத்தான் மொழியில் நெட்வொர்க் வழியாகப் பேச உதவும் சாக்கெட் மாட்யூலைக் கொண்டு ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன். ஆறு பிசான (எங்கள் பக்கத்து நெல் பருவம்) அறுவடைகளைப் பார்த்துவிட்டு இன்றும் ஓடுகிறது. முதல் இரண்டு வருடம் மட்டும் அது ஓடியதைவிட அதன் பின்னால் நான் ஓடியதுதான் அதிகம்.

எடைமேடையின் டிஸ்பிளே பெட்டி சீரியல் கேபிளில் எடையை விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒரு சிறிய கன்வெர்ட்டர் அதை நெட்வொர்க்குக்கு மாற்றித் தரும். அலுவலகத்து லினக்ஸ் கணினி அதை டிசிபி என்ற நெட்வொர்க் நெறிமுறை வழியாக வாங்கிச் சீட்டு அச்சடிக்கும். அவ்வளவுதான் வேலை.

வீட்டில் ஒரே கணினிக்குள் ஒரு வாரம் சோதித்தபோது ஒரு பிழையும் இல்லை. ஆலையில் வைத்த மூன்றாம் நாள் கணக்குப்பிள்ளை அழைத்தார். "அண்ணாச்சி, அம்பை 16 நெல் ஏற்றி வந்த லாரிக்கு 60 கிலோ என்று சீட்டு வந்திருக்கிறது. டிரைவரே அதைவிடக் கனமாக இருப்பார்."

வந்த பைட்டுகளை அப்படியே ஒரு கோப்பில் எழுதிப் பார்த்ததும் குட்டு உடைந்தது. 18460 என்ற எடை 184, 60 என இரண்டு துண்டாக வந்து சேர்ந்திருந்தது. வந்ததை வாங்கும் ரிசீவ் கட்டளையில் 1024 பைட் என்று கொடுத்தால் அது உச்சவரம்பு மட்டுமே. ஒரு பைட் வந்தாலும் அது திரும்பிவிடும். எதிர்முனை ஒரே தடவையில் அனுப்பியது இங்கேயும் ஒரே தடவையில் வரும் என்று நானாக நம்பியிருந்தேன். டிசிபி வாய்க்கால் தண்ணீர் மாதிரி: வரிசை மாறாமல் வரும், வரப்பு கட்டுவது நம் பாடு. வருவதையெல்லாம் ஒரு பஃபரில் (தற்காலிகச் சேமிப்பில்) சேர்த்து, வரிமுடிவுக் குறி வந்த பிறகே வெட்டி எடுத்து, மிச்சத்தை அடுத்த சுற்றுக்கு வைத்தேன். இணைந்தவுடன் வரும் முதல் வரி பாதியிலிருந்து தொடங்கலாம் என்பதால் அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறேன். இப்படி வரி வரியாகப் பிரித்து வாங்க மேக்ஃபைல் என்ற வசதி இருக்கிறது. ஆனால் டைம்அவுட் (காத்திருக்கும் நேரம் தீர்ந்துபோவது) நேர்ந்தால் அதன் உள்பஃபர் குழம்பலாம் என்று பைத்தான் ஆவணமே எச்சரிப்பதால் நான் தொடவில்லை.

பிறகு வாசல் திரையில் ஊர்ப்பெயர் தமிழில் வேண்டும் என்றார்கள். திரைக்கான நிரலிலும் பழைய பாவம் துரத்தியது. "திருநெல்வேலி" கண்ணுக்கு ஆறு எழுத்து. எழுத்தைப் பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் 36 பைட். ஒரு குறியீட்டின் பைட்டுகளுக்கு நடுவே துண்டு விழுந்தால், டிகோட் செய்யும்போதே (பைட்டை எழுத்தாக மாற்றும்போதே) நிரல் சுருண்டுவிடும். முழு வரியும் பைட்டாகச் சேர்ந்த பிறகுதான் எழுத்தாக மாற்ற வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவர்கள் கண்ணில் இது படவே படாது.

அதிகம் படுத்தியது ஆடிக் காற்றில் போகும் மின்சாரம். எதிர்முனை முறையாக மூடினால் ரிசீவ் வெற்று பைட்டைத் (நீளம் 0) தரும். அதைக் கவனிக்காமல் சுற்றில் விட்டால் சிபியு 100 சதவீதத்தில் கொதிக்கும். மின்சாரம் போனாலோ அந்த வெற்று பைட்டும் வராது. கன்வெர்ட்டர் பழைய இணைப்பை மறந்து புதிதாக எழுந்து நிற்கும். யுபிஎஸ்ஸில் உயிரோடிருந்த என் நிரல், வராத எடைக்காக விடிய விடியக் காத்திருக்கும். இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று தானே சோதிக்கும் கீப்அலைவ் இருக்கிறதே என்பார்கள். அதை நாமே இயக்க வேண்டும், இயக்கினாலும் முதல் சோதனைக்கு முன் காத்திருக்கும் நேரத்தின் லினக்ஸ் இயல்பு அளவு 7200 வினாடி. லாரி இரண்டு மணி நேரம் நிற்குமா? எடை எப்போதும் வந்துகொண்டே இருக்கும் இடத்தில் மௌனமே பிழைதான். காத்திருக்கும் வரம்பைக் குறிக்கும் செட்டைம்அவுட்டில் 10 வினாடி வைத்து, அது கடந்தால் மூடிவிட்டுப் புதிதாக இணைகிறேன்.

மற்றவை சில்லறை. திரைக்கான நிரலை நிறுத்தி உடனே தொடங்கினால் முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் இருப்பதாகப் பிழை எண் 98 வரும். பைண்ட் செய்வதற்கு (நிரலை ஒரு முகவரியோடு கட்டுவதற்கு) முன்பே ரீயூஸ்அட்ரஸ் விருப்பத்தை வைத்தால் போதும். பைண்ட் முகவரி, அதே கணினியை மட்டும் குறிக்கும் 127.0.0.1 என்றிருந்தால் பக்கத்து அறைக் கணினிகூட உள்ளே வர முடியாது. இணைப்பு மறுக்கப்பட்டது என்று உடனே பதில் வந்தால் பெரும்பாலும் அந்த போர்ட்டில் (நிரலுக்கான வாசல் எண்ணில்) எந்த நிரலும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பதிலே வராமல் இழுத்தால் இணைப்பைத் தடுக்கும் ஃபயர்வாலையோ கேபிளையோ பாருங்கள்.

கன்வெர்ட்டரையும் யுபிஎஸ்ஸில் மாட்டச் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. அந்த பிளக்கில் இன்னமும் கணக்குப்பிள்ளையின் மின்விசிறிதான் இருக்கிறது.